வைக்கோல் பொம்மை எரியும் நாளில்



ரஷ்யாவில் குளிர்காலத்தை வழியனுப்பும் விழாவுக்கு மாஸ்லெனித்சா என்று பெயர். அந்த விழாவின் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மனதில் நின்றிருக்கும். பனி மூடிய திடல், நடுவே பாவாடையும் தலைத்துணியும் கட்டிய வைக்கோல் பெண்ணுருவம், அது கொழுந்துவிட்டு எரிகிறது, சுற்றிலும் ஆரவாரம். கண்ணைப் பறிக்கும் காட்சிதான். ஆனாலும் அந்த நெருப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் விழாவில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். நெருப்புக்கு முந்தைய ஆறு நாட்களும் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது, நெருப்பு வைக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் என்ன கேட்கிறார்கள், இவற்றைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் காலம். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரங்கள் கடும் நோன்பு. இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம்தான் மாஸ்லெனித்சா. அந்த வாரத்தில் இறைச்சி மட்டும் நிறுத்தப்பட்டிருக்கும், மற்றவற்றுக்குத் தடையில்லை. ஆகவே வெண்ணெய் ஆறாக ஓடுகிறது. ஈஸ்டர் நகர்வதால் இந்த வாரமும் நகரும்: 2026இல் பிப்ரவரி 16 முதல் 22 வரை, 2027இல் மார்ச் 8 முதல் 14 வரை. பிப்ரவரியில் வந்தால் நாட்டின் பெரும்பகுதியில் பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கும். குளிர் போன பிறகு கொண்டாடும் விழா அல்ல இது. குளிர் கண்முன்னே உட்கார்ந்திருக்கும்போதே அதை எழுப்பி வெளியே அனுப்புகிற விழா.

வாரம் முழுவதும் அடுப்பில் வேகும் பண்டம் பிளினி. பக்வீட் மாவையோ கோதுமை மாவையோ ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, வார்ப்பிரும்புச் சட்டியில் ஊற்றி எடுப்பார்கள். ஏறக்குறைய நம் தோசை மாதிரி, ஆனால் மெத்தென்று இருக்கும். உருக்கிய வெண்ணெய், ஸ்மெத்தானா எனும் புளித்த பாலாடை, மீன்முட்டை, உப்புமீன் என்று வீட்டின் வசதிக்கேற்ப மேலே சேரும். 1886இல் எழுத்தாளர் செகாவ் இதை வைத்து ஒரு குட்டிக்கதை எழுதினார். தலைப்பு, நிலையாமை பற்றி. பிளினிக்காகப் பொறுமையிழந்து காத்திருக்கும் ஓர் அரசு அதிகாரி, கடைசியில் வெண்ணெய், பாலாடை, மீன் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கி, சுருட்டி, வாயைத் திறக்கும் கணத்தில் பக்கவாதம் தாக்கி விழுந்துவிடுகிறார். அந்த வாரத்தின் பெருந்தீனியைச் சிரித்துக்கொண்டே கண்டித்தவர்களில் செகாவுக்கு நிகர் இல்லை.

பிளினி வட்டமாக, பொன்னிறமாக, சூடாக இருக்கிறது. எனவே அது சூரியனின் உருவம் என்று ரஷ்யாவில் இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். நாட்டார் வழக்கங்களிலெல்லாம் இயற்கைத் தெய்வங்களைத் தேடிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களின் பார்வை வழியாகப் பரவிய விளக்கம் இது. அழகான விளக்கம்; எனக்கு நிறைவு தரவில்லை. ஏனென்றால் கிராமங்களில் முதல் பிளினியை யாரும் சூரியனுக்குக் காட்டவில்லை. இறந்துபோன பெற்றோருக்கென்று கூரைச் சாளரத்தில் வைத்தார்கள், அல்லது அவர்கள் நினைவாகப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ரஷ்ய வீடுகளில் சாவுக்குப் பிந்தைய நினைவு விருந்தில் பிளினி உண்டு. நாட்டார் கதைகளின் அமைப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற விளாதீமிர் புரோப், ரஷ்ய உழவர் விழாக்கள் பற்றி 1963இல் வெளியிட்ட நூலில் இந்த நினைவு உணவுத் தொடர்பை முன்னிறுத்துகிறார். நான் அவர் பக்கம். ஊரே குதித்தாடப் போகும் வாரத்தில், முதல் கவளத்தைத் தங்களோடு இல்லாதவர்களுக்கு ஒதுக்கிவிட்டுத் தொடங்கிய வீடுகள் அவை.

ஏழு நாட்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. திங்கள் வரவேற்பு, செவ்வாய் விளையாட்டுத் தொடக்கம், வியாழன் ஊர்க் கொண்டாட்டம் உச்சத்துக்குப் போகும் நாள். என்னைக் கவர்வன மற்ற நாட்கள். புதன்கிழமை மாமியார் மருமகனை வீட்டுக்கு அழைத்துப் பிளினி படைக்கிறாள். வெள்ளிக்கிழமை முறை மாறுகிறது: மருமகன் மாமியாரையும் அவள் உறவினரையும் தன் வீட்டுக்கு அழைக்க வேண்டும். போய் உண்டவன் திருப்பி உபசரித்தாக வேண்டும். சனிக்கிழமை நாத்தனார்களின் நாள். புது மருமகள் கணவனின் சகோதரிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்துப் பரிசு தருகிறாள். ஒரு குடும்பத்தில் எந்தெந்த உறவுகள் எளிதில் உரசிக்கொள்ளுமோ அவற்றை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு தட்டும் வைத்திருக்கிறார்கள். கோபம் இருந்தாலும் அன்று போகத்தான் வேண்டும், உட்காரத்தான் வேண்டும். இதை வகுத்தவர் என்று யார் பெயரும் கிடையாது. ஆனால் குடும்பத்தை நன்றாக அறிந்த மனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய ஒழுங்கு இது.

அந்த ஆண்டு மணமானவர்களுக்கு வாரம் முழுவதும் தனி மரியாதை, கூடவே தனிச் சோதனை. அலங்கரித்த பனிவண்டியில் ஊரைச் சுற்றிவருவார்கள். சில ஊர்களில் எல்லோர் முன்னிலையிலும் முத்தமிடச் சொல்வார்கள். சில ஊர்களில் பனியில் போட்டுப் புரட்டுவார்கள். புது ஜோடியை ஊர் தன்னுடையவர்களாக ஏற்றுக்கொள்ளும் முறை அது.

பனிமேட்டில் சறுக்குவதும் அப்போது வெறும் விளையாட்டு அல்ல. சரிவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, நூல் நூற்கும் கருவியின் அடிப்பலகைமேல் உட்கார்ந்து பெண்கள் சறுக்கினார்கள். யார் அதிகத் தூரம் போகிறாளோ அவள் வீட்டு ஆளிச்செடி அவ்வளவு நீளமாக வளரும் என்று நம்பிக்கை. லினன் துணிக்கான நார் அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. தண்டு நீண்டால் நாரும் நீளும். குளிர்காலமெல்லாம் நூற்ற பலகையின்மேல் அமர்ந்து, வரப்போகும் கோடையின் பயிருக்காக ஒருத்தி சறுக்குகிறாள். இந்த விழாவின் சடங்குகளில் எதை மிகவும் நேசிக்கிறாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதே சறுக்குமேடு அரண்மனைக்கும் போனது. பெரிய கேத்தரீன் மகாராணிக்காக ஒரானியன்பவும் பூங்காவில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரினால்டி சறுக்குமேட்டு மாளிகை ஒன்றையே எழுப்பினார். 1817இல் பாரிஸ்காரர்கள் சக்கரம் வைத்த வண்டிகளோடு சறுக்குமேட்டைத் தங்கள் ஊரில் அமைத்தார்கள். கேளிக்கைப் பூங்காக்களின் ரோலர் கோஸ்டருக்கு இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் ரஷ்ய மலைகள் என்றே பெயர் சொல்கிறார்கள்.

சைபீரியாவில் இன்னும் முரட்டுத்தனமான ஒரு விளையாட்டு இருந்தது. பனிக்கட்டிகளால் கோட்டைச் சுவர் கட்டி, குதிரைமேல் வருகிறவன் அதை இடித்துக்கொண்டு பாய வேண்டும். காவல் நிற்பவர்கள் கிளைகளையும் சாட்டைகளையும் வீசிக் குதிரையை மிரட்டுவார்கள். கிராஸ்னயார்ஸ்க் நகரில் பிறந்த ஓவியர் வாஸிலி சூரிக்கவ், மனைவியை இழந்த துக்கத்தோடு சொந்த ஊர் திரும்பியிருந்தபோது, பால்யத்தில் பார்த்த இந்த விளையாட்டை வரைய எடுத்துக்கொண்டார். 1891இல் முடிந்த அந்த ஓவியம் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதறும் பனித்துண்டுகளைவிட அதில் என்னை நிறுத்துவது முகங்கள்தான். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். துக்கத்திலிருந்த ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்த சிரிப்பு அது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. வைக்கோல் உருவத்தைப் பனிவண்டியில் ஏற்றி, பாடிக்கொண்டே ஊர் எல்லைக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள். சில இடங்களில் சாம்பலை வயலில் தூவுவார்கள். சவ ஊர்வலம் போல நடக்கும், ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டே போவார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: உருவம் எல்லா ஊரிலும் இருந்ததில்லை. வடக்குக் கிராமங்கள் பலவற்றில் பழைய பீப்பாய்களும் விறகும் அடுக்கிய சொக்கப்பனை மட்டும்தான். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விறகு சேர்ப்பார்கள்.

அதே நாளின் இன்னொரு பெயர் மன்னிப்பு ஞாயிறு. மாலை வழிபாட்டின் முடிவில் குருவானவர் முதலில் தாமே மக்கள் முன் பணிந்து மன்னிப்புக் கேட்கிறார். பிறகு மக்கள் ஒருவர் முன் ஒருவர் குனிந்து, "என்னை மன்னித்துவிடு" என்கிறார்கள். "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்பது பதில். பெரியவர் சிறியவரிடம் கேட்பார், எஜமானர் வேலையாட்களிடம் கேட்பார். கல்லறைக்குப் போய் இறந்தவர்களிடம் கேட்பதும் வழக்கம். வாரம் முழுவதும் ஒருவரையொருவர் சீண்டி, கைகலந்து, மிதமிஞ்சிக் குடித்த அதே மனிதர்கள்! அந்த ஆர்ப்பாட்டம் இல்லாமல் இந்த மன்னிப்பு மட்டும் இருந்தால் அது வெறும் விதியாகிவிடும். மன்னிப்பு இல்லாமல் ஆர்ப்பாட்டம் மட்டும் இருந்தால் சண்டைதான் மிஞ்சும்.

மறுநாள் தூய திங்கள், நோன்பின் முதல் நாள். பாரிஸில் அகதியாக வாழ்ந்த எழுத்தாளர் இவான் ஷ்மெல்யோவ், தம் மாஸ்கோ பால்யம் பற்றிய நூலை அந்தக் காலைப் பொழுதில்தான் தொடங்குகிறார். காய்ச்சிய செங்கல்மேல் வினிகரை ஊற்றி, அந்தப் புளித்த ஆவியை அறை அறையாகக் கொண்டுபோய், மாஸ்லெனித்சாவின் எண்ணெய் வாசத்தைப் புகைபோட்டு விரட்டுவார் வீட்டு முதியவர்.

ஆட்சியாளர்களுக்கு இந்த விழா எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. ஜார் அலெக்ஸேய் 1648இல் தெருக்கூத்தாடிகளையும் முகமூடிகளையும் குத்துச்சண்டையையும் தடைசெய்து ஆணையிட்டார், மக்கள் விடவில்லை. சோவியத் காலத்தில் தேவாலயத் தொடர்பை நீக்கி, ரஷ்யக் குளிர்காலத்துக்கு விடைகொடுக்கும் விழா என்ற பெயரில் பூங்காக்களில் நடத்தினார்கள். பிளினி இருந்தது, மூன்று குதிரை பூட்டிய வண்டி இருந்தது, நோன்பும் மன்னிப்பும் இல்லை. இப்போது பழைய பெயர் திரும்பிவிட்டது. ஆனால் நகரத் திடல்களில் நடப்பது பெரும்பாலும் மேடை நிகழ்ச்சி. கலூகா மாகாணத்து நிகோலா-லெனிவெத்ஸ் கிராமத்தில் கலைஞர் நிகலாய் பொலிஸ்கி மரக்கிளைகளால் பிரம்மாண்ட வடிவங்களைக் கட்டி எரித்திருக்கிறார். 2018இல் அவர் எரித்தது ஒரு கோதிக் தேவாலயத்தைப் போலிருந்ததால் கத்தோலிக்கர்கள் மனம் புண்பட்டார்கள். அவருடைய கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் நெருப்பு பெரிதாகப் பெரிதாக, அதைப் பார்ப்பவர்கள் விருந்தினர்களாகிவிடுகிறார்கள். விறகு சேர்த்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை.

பழைய திடலின் ஓசை இன்று நமக்கு மிகத் தெளிவாகக் கிடைப்பது இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் பெத்ருஷ்கா என்ற பாலே இசையில். 1911 ஜூன் மாதம் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது 1830களின் பீட்டர்ஸ்பர்க் மாஸ்லெனித்சாச் சந்தையில். அதன் நான்காம் காட்சியை இப்போது ஒலிபரப்புகிறோம். முதலில் தாதிப் பெண்களின் ஆட்டம் வரும். பிறகு குழல் ஊதும் விவசாயியும் அவன் கரடியும்: மேலே கிளாரினெட் கீச்சிடும், கீழே டியூபா தள்ளாடி நடக்கும். அதற்குப் பின் வண்டிக்காரர்கள் குளிரில் காலை உதைத்து ஆடுவார்கள். அந்த இடத்தில் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.