சாலைக்கு மேலே ஒரு மூடு



நாகர்கோவில் வேப்பமூட்டைத் தெரியாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. ஆனால் வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் கொஞ்சம் விழிப்பார்கள். மூடு என்றால் மரத்தடி, வேர் மண்ணுக்குள் இறங்குகிற இடம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் மூடு என்று முடிகிற இடங்களை எண்ணத் தொடங்கினால் பஸ் ஒரு நடை போய்த் திரும்பிவிடும். சின்ன வயதில் சந்தைக்கு நடக்கும்போது கூட வந்த பெரியவர்கள், "அந்த மூட்டுல செத்த இரி மக்கா" என்பார்கள். பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கும். நம் ஊர்ச் சாலைக்குப் பூங்கா என்று ஒன்று இருந்தது என்றால் அது அவ்வளவுதான்: ஒரு மரம், ஒரு கல், கொஞ்சம் நிழல்.

மூடு என்ற சொல்லுக்கு மறைப்பது என்றும் பொருள் உண்டு. இரண்டு பொருளும் ஒரே இடத்தில் கூடுகிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஊருக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலையை மேலே தளம் போட்டு மூடுவது. அந்தத் தளத்தில் மண் நிரப்பி, மரம் நட்டு, மூடு உண்டாக்குவது.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் டாலஸ் நகரத்தின் நடுவே உட்டால் ராட்ஜர்ஸ் என்கிற அதிவேகச் சாலை, தரைமட்டத்துக்குக் கீழே, வெட்டிய பள்ளத்தில் ஓடுகிறது. கடைவீதி ஒரு பக்கம், குடியிருப்பு மறுபக்கம் என்று ஊர் இரண்டாகிப்போனது. 2012 அக்டோபரில் அந்தப் பள்ளத்தின் மேல் 5.2 ஏக்கரில் கிளைட் வாரன் பூங்காவைத் திறந்தார்கள். அரசுப் பணமும் தனியார் பணமுமாகச் சுமார் 11 கோடி டாலர் ஆயிற்று. கிளைட் வாரன் தியாகியோ மேயரோ அல்ல; பெரும் நன்கொடை கொடுத்த ஒரு செல்வந்தரின் மகன், அப்போது சிறுவன். நம் ஊரில் மண்டபத்துக்கு உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டுவதைக் கேலி செய்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பூங்காவைத் திட்டமிடுகிறவர்களுக்கு முதல் எதிரி பாரம். பாலத்தில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு அரை டன் என்று பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். மரம் வளர ஒரு மீட்டர் ஆழமாவது மண் வேண்டும். மழையில் ஊறிய மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னைத் தொடும். அதாவது, மனிதக் கூட்டத்தைவிட மண் நான்கு மடங்கு கனம். ஐந்து ஏக்கருக்கும் அப்படி நிரப்பினால் நாற்பதாயிரம் டன்னுக்குப் பக்கத்தில் வரும். இதை டிப்பர் லாரிக் கணக்கில் சொல்லலாம். டிப்பர் லாரி பற்றி நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. லோடுக்கு 20 டன் என்றாலும் இரண்டாயிரம் லோடு.

டாலஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கான்கிரீட் உத்திரங்களைச் சில சிலவாகச் சேர்த்து வைத்து, ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் பள்ளம் விட்டார்கள். மரம் வருகிற இடத்தில் அந்தப் பள்ளம் நிறைய மண். மரம் வராத இடத்தில் தெர்மாகோல் மாதிரியான நுரைக்கட்டியை அடுக்கி, அதன் மேல் மண்ணைப் பரப்பினார்கள். மேலே புல் ஒரே சீராகத் தெரியும். கீழே எங்கே மூடு, எங்கே நுரை என்பது கட்டியவருக்குத்தான் தெரியும்.

பாரத்தை அந்தரத்தில் ஏற்றுவது நமக்கும் புதிதல்ல. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் முடிந்தது. பறளியாற்றுக்கு நூறடிக்கு மேல் உயரத்தில், 28 தூண்களின் மேல், பட்டணங்கால் வாய்க்காலையே தூக்கி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் சரியாக ஒரு டன். நாம் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். காலுக்குப் பக்கத்தில் தொட்டிக்குள் போகிற எடையைப் பற்றி நினைப்பதில்லை. வயலுக்கு நீர் விடக் கட்டியது. ஊர் அதைப் பொழுதுபோக்கும் இடமாக ஆக்கிக்கொண்டது.

தண்ணீரை ஏற்றுவது ஒரு வேலை, வெளியேற்றுவது இன்னொரு வேலை. நம் பக்கம் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தளத்தின் மேல் பெய்யும் நீர் ஒரு சொட்டுகூட கீழே ஓடும் வண்டிகள் மேல் ஒழுகக்கூடாது. மண்ணில் தேங்கி வேரை அழுகவிடவும் கூடாது. போதாததற்குக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று பூங்கா என்று பார்த்து ஒதுங்கிப் போகாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ வேரோடிய மரங்களே பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரு மீட்டர் மண்ணில் ஆலும் அரசும் வைக்க யாராவது ஆசைப்பட்டால் அவரை அந்த நாளை நினைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி என்று ஆரம்பிப்பது உசிதம். தோவாளைக்காரர்களைக் கேட்டால் பிச்சியும் சொல்வார்கள்.

சாலையை மூடினால் கீழே இருப்பது சுரங்கம் ஆகிவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. புகையை வெளியே தள்ள விசிறி, பகலிலும் விளக்கு, தீப்பிடித்தால் ஆள் ஓடித் தப்ப வழி, இவற்றுக்கெல்லாம் மாதாமாதம் கரண்ட் பில்.

சாலைக்கு மேல் பூங்கா போடுவதை அமெரிக்காவின் சியாட்டில் நகரம் டாலஸுக்கு முன்பே, 1976-ல், செய்து பார்த்தது. லாரன்ஸ் ஹால்ப்ரினின் நிறுவனம் வடிவமைத்த அந்தப் பூங்காவில், சாலையின் இரைச்சல் கேட்காமல் இருக்க அருவி கட்டினார்கள், கான்கிரீட் சுவர்களை மேலும் கீழுமாக எழுப்பினார்கள். அழகுதான். ஆனால் மரம் அடர்ந்த பிறகு மூலை முடுக்குகள் இருண்டன. உள்ளே நிற்பவரை வெளியே போகிறவர் பார்க்க முடியாமல் போயிற்று. ஆள் நடமாட்டம் குறைந்தது, பயம் வந்தது. பூங்காவுக்குக் காவல் நிற்பது கூட்டம்தான். கூட்டம் வர வேண்டுமானால் இருபுறமும் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் வேண்டும். சிங்கப்பூரில் புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேல் 2013-ல் கட்டிய பசும்பாலத்துக்கு அந்தக் கவலை இல்லை. 62 மீட்டர் நீளமான அதில் மனிதர்களுக்கு அனுமதியே கிடையாது. சாலை வெட்டிப் பிரித்த இரு காடுகளுக்கு நடுவே அழுங்கும் மரநாயும் போய்வருவதற்காக அது.

சரி, நம் ஊரில் எங்கே வைப்பது? சாலை பள்ளத்தில் ஓடினால்தான் மூட முடியும். நாஞ்சில் நாடு வயலும் குளமுமான பூமி. இங்கே சாலை போட மண்ணடித்து உயர்த்துகிறார்கள். உயர்ந்த சாலைக்கு மேல் பூங்கா என்றால் மாடிப்படி ஏறித்தான் போக வேண்டும். முட்டுவலிக்காரர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். ஆகவே நம் சமவெளியில் கேள்வி தலைகீழாகிறது: பாலத்துக்குக் கீழே என்ன செய்யலாம்? சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தின் கீழே சும்மா கிடந்த நிலத்தை 2021-ல் நடைபாதையும் கடையும் விளையாட்டு இடமுமாக மாற்றினார்கள். நம் பார்வதிபுரம் மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே அவ்வளவு இடம் இல்லை. நாலு திண்ணைக்கு இடம் இருக்கும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் 2018-ல், வண்டிகளை முழுதாக விடுவதற்கு முன்பு, ஜனங்களை நடந்து பார்க்க விட்டார்கள். இரண்டரை கிலோமீட்டர் இரும்புப் பாலத்தில் குழந்தை குட்டிகளோடு கூட்டம் திரண்டது. வேலிக்கும் செடிக்கும் ஒரு பைசா செலவில்லாமல் நெடுஞ்சாலை கொஞ்ச நேரம் பூங்காவாக இருந்தது. பிறகு வண்டிகள் வந்தன.

நம் மக்கள் பூங்கா என்றதும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் காரணம் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் காற்றாடி மரத் தோப்பை வெட்டித்தான் நகரத்துக்குப் பூங்கா வருகிறது. அந்த நாவலும் வெளிவந்தது 1966-ல், மாத்தூர் பாலம் முடிந்த அதே வருஷம். இருக்கிற நிழலை வெட்டிவிட்டு நிழலுக்குத் திட்டம் போடுவது நமக்குப் பழக்கமான வேலை. சாலைக்கு மேல் வரும் பூங்காவுக்கு அந்தப் பழி வராது. அங்கே வெட்டுவதற்கு மரமே மிச்சமில்லை.

பள்ளம் வேண்டுமானால் மேற்கே, கல்குளம், விளவங்கோடு பக்கம் போக வேண்டும். அங்கே நிலமே மேடும் பள்ளமும். 1979-ல் வந்த திருவனந்தபுரம் ரயில் பாதையைச் செம்மண் குன்றுகளை வெட்டித்தான் போட்டார்கள். குழித்துறையிலிருந்து இரணியலுக்கு ரயிலில் வரும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். இருபுறமும் செம்மண் சுவர் உயரும், மேலே குறுக்காக ஒரு பாலம் கடக்கும். அந்திநேரமாக இருந்தால், அந்தப் பாலத்தில் யாராவது சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்து ரயிலைக் காட்டிக்கொண்டிருப்பார். நின்றபடிதான் காட்டிக்கொண்டிருப்பார். அங்கே இன்னும் உட்கார ஒரு மூடு இல்லை.