அந்த எட்டு மீட்டர்

பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை மெகாபிக்சல்?" அடுத்துக் கேட்பது, "எவ்வளவு ஜூம் போகும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பறவைப் படத்தின் தரத்தை மற்ற எதையும்விட அதிகமாக மாற்றக்கூடிய ஒன்று இந்த இரண்டிலும் வரவே இல்லை. உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் அது. அதை எப்படிக் குறைப்பது என்று முதலில் யோசிக்க வேண்டும், அதற்குத் தோதான கேமராவைப் பிறகு தேடவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பென்சில் வேண்டாம், மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

குளத்தங்கரை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 28 சென்டிமீட்டர் இருக்கும். உங்களிடம் 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது, பறவை 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. 20 மீட்டர் என்பது 400 மில்லிமீட்டரைப்போல் 50 மடங்கு. ஆகவே கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் விழுகிற மீன்கொத்தி, நிஜ மீன்கொத்தியில் 50இல் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் நடுத்தர சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். படத்தின் அகலத்தில் கால்வாசிகூடப் பறவை இல்லை. அதே பறவை 40 மீட்டரில் இருந்தால் நீளத்தில் பாதியாகவும் பரப்பில் கால்பங்காகவும் சுருங்கிவிடும். இப்போது மெகாபிக்சலுக்கு வருவோம். 24 மெகாபிக்சல் கேமராவைக் கொடுத்துவிட்டு 48 மெகாபிக்சல் வாங்குகிறீர்கள். இரட்டிப்பு என்று தோன்றும். அந்தப் புள்ளிகள் நீளத்துக்கும் உயரத்துக்கும் பங்கிட்டுப் போவதால், மீன்கொத்தியின் நீளத்தில் கிடைக்கும் கூடுதல் நுணுக்கம் 1.4 மடங்குதான். 28 மீட்டரில் நிற்கிறவர் 20 மீட்டருக்கு வந்தாலும் அதே 1.4 மடங்கு கிடைத்துவிடுகிறது. எட்டு மீட்டர்! ஒரு புதுக் கேமராவின் விலை அந்த எட்டு மீட்டரில் இருக்கிறது. அதோடு, நடுவில் இருக்கிற தூசியும் ஈரப்பதமும் கலந்த காற்றும் எட்டு மீட்டர் குறைகிறது. இதை எந்தச் சென்சாரும் செய்துதராது.

"கணக்கு சரி, பறவை உட்கார்ந்திருக்குமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வியே அதுதான். ஒவ்வொரு பறவையும் மனிதரை ஓர் எல்லைவரைதான் பொறுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் பறந்துவிடும். ஆனால் அந்த எல்லை கல்லில் எழுதியதில்லை. நிமிர்ந்து நேராக நடந்து வருகிறவரைக் கண்டால் தூரத்திலேயே கிளம்பிவிடுகிற கொக்கு, கரையில் முன்னமே உட்கார்ந்துவிட்ட ஆளின் பக்கமாகத் தானே மேய்ந்துகொண்டு வரும். வெளியில் இறங்கி நிற்கிற மனிதருக்குப் பயப்படுகிற பனங்காடை, காருக்குள் இருக்கிற மனிதரைப் பல நேரம் பொருட்படுத்தாது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளின் உறவான மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்துக் கொடுத்த நெருக்கம் அது. அங்கே சாதாரண கேமராவோடு போகிறவருக்குக்கூட நல்ல படம் கிடைக்கிறது என்றால், அதில் பாதிப் பெருமை ஊராருடையது. ஆக, நெருங்குவது என்றால் பறவையைத் துரத்திக்கொண்டு போவது என்று பொருள் கொள்ள வேண்டாம். அது தானாக விட்டுக்கொடுக்கிற தூரம் மட்டும்தான் நம்முடையது.

அந்தத் தூரம் யாருக்குக் கிடைக்கும்? பறவையின் பழக்கம் தெரிந்தவருக்குக் கிடைக்கும். பஞ்சுருட்டானைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பச்சை உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே மையிட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு, அதற்குள் சிவந்த விழி, வாலின் நடுவில் கம்பிபோல் நீண்ட இரண்டு இறகுகள். இலையில்லாத ஒரு கொம்பின் நுனியில் உட்கார்ந்திருக்கும். சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும், தலையை மட்டும் பாருங்கள். வெடுக் வெடுக்கென்று திரும்பும். பறந்துபோகும் ஒரு தேனீயைக் கண் பிடித்துவிட்டால் தலை அதையே தொடரும், உடம்பு லேசாக முன்னால் சாயும். அடுத்த கணம் கொம்பு காலியாக இருக்கும். இந்த இடத்தில்தான் பழகாதவர் கேமராவை வானத்தில் ஆட்டித் தேடுவார். பழகினவர் அந்தக் கொம்பிலேயே குறிவைத்தபடி காத்திருப்பார். ஏனென்றால் அது பெரும்பாலும் அதே கொம்புக்குத்தான் திரும்பி வரும். பிடித்த தேனீயைக் கொம்பில் அடிக்கும், கொடுக்கு போகும்வரை தேய்க்கும், பிறகுதான் விழுங்கும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இந்த நாடகம் திரும்பத் திரும்ப நடக்கும். கரிச்சானும் இப்படித்தான் தன் இடத்துக்குத் திரும்பி வரும். இந்த ஒரு பழக்கம் தெரிந்திருந்தால் நீங்கள் உட்காரும் இடத்தை, வெளிச்சத்தை, பின்னணியை எல்லாம் பறவை வருவதற்கு முன்பே தேர்ந்துகொள்ளலாம்.

காற்றையும் சொல்லவேண்டும். நீர்ப்பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் எழும்பும். ஐப்பசியிலிருந்து தை வரை நம் பக்கம் வடகிழக்குக் காற்று. காலையில் சூரியனும் கிழக்கே. வெயில் முதுகில் படும்படி ஏரியின் கிழக்குக் கரையில் இருந்தீர்களானால், இறங்குகிற நாரை உங்கள் முகத்தைப் பார்த்தபடிதான் இறங்கும், கண்ணில் வெளிச்சத்தோடு. மாலையில் இதே கணக்கு தலைகீழாகும். வெயில் மேற்கே, கடற்காற்று கிழக்கிலிருந்து. வெயில் முதுகில் படட்டும் என்று மேற்குக் கரையில் நிற்பவருக்குப் பறவைகளின் வால்தான் கிடைக்கும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, இன்றைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடிக்கின்றனவே, இந்தப் பழக்கமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2020இல் வந்த கேனான் ஆர்5, ஆர்6 கேமராக்களே பறவையை அடையாளம் கண்டு கண்ணில் ஃபோகஸ் பிடிக்கத் தொடங்கிவிட்டன. பொத்தானை முழுதாக அழுத்துவதற்குச் சற்று முந்தைய படங்களையும் சேமித்துத் தருகிற வசதியை ஒலிம்பஸ் 2016லேயே கொண்டுவந்தது. பறவை கிளம்பியபின் நம் விரல் அசைவதற்குள் போய்விடுகிற அந்த நொடிப்பகுதி, இதனால் கைக்கு வருகிறது. உண்மையான முன்னேற்றம் இது. கை நடுங்குகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் பெரிய வரம். ஆனால் இரண்டுமே கட்டத்துக்குள் இருக்கிற பறவைக்கு மட்டும் உதவுகின்றன. எந்தக் கொம்பைப் பார்த்துக் குறிவைக்க வேண்டும் என்பதை அவை சொல்லாது. மா. கிருஷ்ணன் அவர்களை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அந்த இயற்கையியலாளர், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளை ஃபிலிமில், காட்டு யானைகளை எடுத்தார். தானியங்கி ஃபோகஸ் அதில் ஏது? விலங்கு அடுத்து என்ன செய்யும் என்கிற அறிவுதான் அவருடைய ஃபோகஸ்.

இன்னொரு கேள்வியும் வரும். கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கும்போது பக்கத்தில் போக வழி ஏது, பெரிய ஜூம்தானே கதி? ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். அங்கே நீளமான லென்ஸ் வேண்டும். ஆனால் வெயில் ஏறியபின் உப்பளத்தின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால், எத்தனை லட்ச ரூபாய் லென்ஸும் அந்த ஆட்டத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும். விடிந்ததும் போகவேண்டும். 3000 மில்லிமீட்டருக்கு ஈடு என்று சொல்லி 2018இல் நிக்கான் பி1000 வந்தது. அதன் லென்ஸ் உண்மையில் 539 மில்லிமீட்டர்தான். சென்சார் சுமார் ஆறு மில்லிமீட்டர் அகலம் மட்டுமே இருப்பதால், காட்சியின் நடுவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் படமாகி, 3000 என்று கணக்காகிறது. நல்ல வெயிலில் எடுத்த படம் பறவையை அடையாளம் காணத் தாராளமாகப் போதும், அதற்காகவே வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கிற அதிகாலை மங்கலில், அவ்வளவு சின்னச் சென்சார் திணறும். இறகின் இழைகள் ஒன்றோடொன்று கலந்து வண்ணம் பூசியதுபோல் ஆகிவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது? கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி லென்ஸுக்குப் போகட்டும். கேமரா உடலுக்கு மிச்சம் போதும். ஏ.பி.எஸ்.-சி. உடலும் 400 அல்லது 500 மில்லிமீட்டர் வரை போகிற லென்ஸும் தொடங்குகிறவருக்கு நிறைவான ஜோடி. மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் பலர் விற்றுவிட்ட டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன, அவற்றை இளக்காரமாக நினைக்காதீர்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு டார்ச்சை அதன் வழியாக அடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் புது லென்ஸுக்கும் அந்த ஆபத்து உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக எடையைப் பாருங்கள். 150லிருந்து 600 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ்கள் பல சுமார் இரண்டு கிலோ. கேனானின் 100–400 ஒன்று 635 கிராம்தான், வெளிச்சம் கொஞ்சம் குறைவாக வாங்கும். பஞ்சுருட்டானுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றேனே, அந்த ஒரு மணி நேரமும் கை தாங்குகிற எடை எதுவோ அதுதான் உங்கள் லென்ஸ். கனம் தாங்காமல் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிற லென்ஸ் எந்தப் பறவையையும் நெருங்குவதில்லை.

நேரம் ஓடுகிறது, கேமராவைத் திருகுகிற விஷயங்களைச் சுருக்கிவிடுகிறேன். பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு, உட்கார்ந்திருப்பதற்கு நொடியில் 500இல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். அதற்காக ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தவேண்டி வந்தால் தயங்காதீர்கள். படத்தில் வருகிற குருணையைக் கணினியில் பெருமளவு குறைக்கலாம், ஆட்டத்தால் குழம்பிய இறகை மீட்க வழியில்லை. இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள், இல்லையென்றால் இறகெல்லாம் வெளுத்துப் போகும். வெளுத்த வானத்தில் பறக்கும் பருந்துக்கு ஒரு படியாவது கூட்டுங்கள். கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்து அளப்பதால்தான் இந்தத் திருத்தம்.

நெருக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. கூடு இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பஞ்சுருட்டான் மண்கரையில் வளை குடைந்து முட்டையிடும். அந்த வாசலுக்கு எதிரே ஒருவர் கேமராவோடு உட்கார்ந்துவிட்டால், தாய் வாயில் பூச்சியோடு கம்பியில் தவித்துக்கொண்டிருக்கும், உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடக்கும். கூட்டை மறைக்கிற கிளையை ஒடித்தால் காக்கைக்கு வழிகாட்டியதாகிவிடும். பறவைக் கூடுகளைக் கலைப்பதும் முட்டைகளுக்கு ஊறு செய்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள்ளேயே வருகின்றன. கையில் துப்பாக்கி இல்லை, கேமராதான் இருக்கிறது என்பது சமாதானமாகாது. பறவை உங்களையே பார்த்து ஓயாமல் கத்தினாலோ, இரையோடு கூட்டுக்குப் போகாமல் சுற்றினாலோ, எழுந்து வந்துவிடுங்கள், படம் போனால் போகட்டும்.

பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வலசை வந்த பறவைகளும் அப்போது நம் ஏரிகளில் இருக்கும். பெயர் தெரியாத பறவையென்றால் உங்கள் படமே அதற்குச் சாட்சி, இடமும் தேதியும் குறித்து அவர்களிடம் கொடுங்கள். அதற்குள் உங்கள் ஊர்க் கண்மாயில் எந்தக் கொம்பில் எது வந்து உட்காருகிறது என்று, கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்த்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.