வண்டி ஏறுமுன் அட்டவணை பார்ப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வெளிநாடு சென்று பொருளாதாரமோ நிதித்துறையோ பயின்று, அங்கேயே முதல் உத்தியோகம் தேடிக்கொள்வது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். நாங்களோ மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாதவர்கள். பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இப்பொருள் பற்றிப் பேச என்ன தகுதி என்று அவையோர் எண்ணலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகளை அனுப்பிப் பார்த்தோம்; எவ்விடத்தில் தவறினோம் என்பதை அறிவோம். ‘நாங்கள்’ என்று சொல்வது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் இல்லத்தரசியாரையும் சேர்த்தேயாகும். கடன் பத்திரத்தில் இருவர் கையொப்பமும் இருக்கிறதல்லவா? மகளின் சம்மதத்தைப் பெற்றே இதனைப் பேசுகிறோம்.

இந்நாகபுரியில் பி.ஏ. பொருளாதாரம் முடித்த அவளுக்கு, 2022ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்ஸி. நிதியியல் வகுப்பில் இடம் கிடைத்தது. கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு இலட்சம் ரூபாய் கல்விக் கடன் பெற்றோம். ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு அரசு வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பது வழக்கம். பொன்மலைப் பணிமனையில் உழைத்த எங்கள் தந்தையார் தம் சேமநிதியைக் கொண்டு பொன்மலைப்பட்டியில் கட்டிய வீட்டின் பத்திரத்தை ஈடாக வைத்தோம்.

செப்டம்பர் இறுதியில் புறப்பட்டாள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “அப்பா, உடன் படிப்பவர்கள் எல்லாம் இப்போதே வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள்” என்றாள். “முதலில் பாடத்தைக் கவனி அம்மா. பட்டம் கையில் இருந்தால் வேலை எங்கே ஓடிப்போகும்?” என்று நாங்கள் மொழிந்தோம். அவளும் சொற்படி நடந்தாள். அன்பர்களே, எங்கள் தவறு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் படிப்பு முடிகிறது, அதன்பின் விளம்பரம் வருகிறது, பரீட்சை எழுதுகிறோம். பிரிட்டனில் வழக்கம் வேறு. அங்கே பெரிய வங்கிகளும் தணிக்கை நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் புதிய பட்டதாரிகளைச் சேர்க்கும் விண்ணப்பத்தை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே திறந்துவிடுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பல கதவுகள் சாத்தப்படுகின்றன. இடம் நிரம்பியதும் குறித்த நாளுக்கு முன்பே மூடிவிடுவோரும் உண்டு. அவ்வாறு தேறியவர் வேலையில் அமர்வது அடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்தில். ஆகவே ஓராண்டு வகுப்புக்குச் செல்லும் மாணவர் பெட்டியைப் பிரித்து வைக்குமுன்னரே விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். இணைப்பு வண்டி நின்று காத்திராது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எங்கள் மகள் ஜனவரியில் தேடத் தொடங்கினாள், காலம் கடந்திருந்தது. மறுபடியும் 2023 ஆகஸ்டில் முயன்றாள். எழுதிய விண்ணப்பங்கள் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி: ‘இப்போதோ பின்னரோ உமக்கு எம் ஸ்பான்சர் ஆதரவு தேவைப்படுமா?’ ‘ஆம்’ என்று எழுதிய பல இடங்களிலிருந்து மறுநாளே மறுப்பு வந்தது. 2024 ஏப்ரலில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நல்ல மனிதர்கள், ஆனால் வெளிநாட்டினரைத் தொடர்ந்து அமர்த்திக்கொள்வதற்கான அரசு உரிமம் அவர்களிடம் இல்லை. விசா முடிந்ததும் 2025 நவம்பரில் திரும்பி வந்தாள். இப்போது மும்பையில் ஒரு நிதி நிறுவனத்தில் பணி செய்கிறாள். தவணையை மூவரும் பங்கிட்டுக் கட்டுகிறோம். பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அவள் ஒரு நாளும் எங்களைக் குறை கூறியதில்லை. அதுவே எங்களுக்குப் பாரமாக இருக்கிறது.

நம் காலனியிலிருந்து வரும் செப்டம்பரில் இருவர் செல்லவிருக்கின்றனர். அவர்கள் பொருட்டுச் சில செய்திகளை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, விசாவின் காலம். பிரிட்டன் 2021 ஜூலை 1 முதல், பட்டம் பெற்றோர் ஈராண்டு தங்கி வேலை தேடவும் செய்யவும் இடமளித்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோர் நீங்கலாக, அது பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது. முகவர் காட்டும் வண்ணத் தாளில் ‘ஈராண்டு வேலை’ என்றிருந்ததை நாங்கள் வாக்குறுதியாக வாசித்தோம். அது வேலை தேட அனுமதியேயன்றி வேலை அன்று.

இரண்டாவது, உரிமம். வெளிநாட்டினரை அமர்த்த உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். விண்ணப்பிக்குமுன் அதில் பெயர் உண்டா எனத் தேடுக. சம்பளத்திலும் வரம்பு உண்டு. 2025 ஜூலை 22இல் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாகவும், புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கு 33,400 பவுண்டாகவும் உயர்த்தப்பட்டது. தொழிலுக்குத் தொழில் இதற்கு மேலும் இருக்கலாம். இவ்விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டும் நாளில் மீண்டும் ஒருமுறை அரசின் அறிவிப்பைப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, அமெரிக்கா செல்வோர்க்கு. அங்கே பட்டம் பெற்ற மாணவர் பன்னிரண்டு மாதம் தொழிற்பயிற்சியாகப் பணிபுரியலாம். அறிவியல், கணிதப் பிரிவினர்க்கு மேலும் இருபத்துநான்கு மாதம் நீட்டிப்பு உண்டு. பொதுப் பொருளாதாரம் என்று பதிவான படிப்பு அந்தச் சலுகையில் சேராது. ‘எக்கனாமெட்ரிக்ஸ், அளவுசார் பொருளாதாரம்’ என்று பதிவான படிப்பு சேரும். கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே படிப்பின் குறியீட்டு எண் இருக்கிறது. ஓர் எண்ணில் ஈராண்டு வாழ்வு அடங்கியிருக்கிறது! பார்சலில் நிலையக் குறியீட்டைத் தவறாக எழுதினால் சரக்கு எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாதா? அதன்பின் எச்-1பி விசா. அதற்கு ஆண்டுக்கு 85,000 என்று உச்சவரம்பு உண்டு; விண்ணப்பம் மிகுந்தால் எல்லோர்க்கும் கிட்டாது.

நான்காவது, கணிதத்தில் வல்ல பிள்ளைகளுக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்புக்கு நாம் பணம் கட்டவேண்டும். சிறந்த பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. படிப்பிலோ பெரும்பாலும் கட்டணம் நீக்கப்பட்டு உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. ஐந்தாறு ஆண்டு உழைப்பு அது. வீட்டை ஈடு வைக்காமல் செல்லும் வழி என்பதால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

நிதித்துறையில் மதிக்கப்படும் சி.எஃப்.ஏ. தேர்வின் மூன்று நிலைகளையும் இந்தியாவில் இருந்தபடியே எழுதலாம். எங்கள் மகள் இரண்டு நிலை தேறியிருக்கிறாள். மும்பையில் வேலை பெற அது பெரிதும் துணைசெய்தது.

பணத்தின் காலமும் படிப்பின் காலமும் ஒத்துப்போகாத துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நாம் வாழும் இவ்வூரின் தீட்சாபூமியைக் காணாதவர் இலர். அங்கே 1956இல் இலட்சக்கணக்கானோருடன் தீட்சை ஏற்ற டாக்டர் அம்பேத்கர் அடிப்படையில் பொருளாதாரம் பயின்றவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்றார். 1916இல் லண்டன் சேர்ந்தார். உதவித்தொகையின் தவணை முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் ஆசிரியப் பணி புரிந்து பொருள் சேர்த்து, பிறர் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவரது நூல் 1923இல் வெளிவந்தது. அத்தகைய மேதைக்கே நடுவில் மூன்றாண்டு தடைப்பட்டதென்றால், நம் பிள்ளைகளுக்குத் தடை நேர்வதில் வியப்பென்ன?

அவர் பயின்ற செலிக்மன் என்னும் பேராசிரியரிடமே பின்னர்ப் பயின்றவர் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தொழில் கற்ற அவர் பின்பு அமெரிக்காவில் பொது நிதியியல் படித்து, 1929இல் தாயகம் திரும்பிக் காந்தியடிகளுடன் சேர்ந்தார். திரும்பி வருவது தோல்வியன்று. எனினும் கடனோடு திரும்புவோர்க்கு அத்தேற்றம் மட்டும் போதாது. ஆகவேதான் முன்னெச்சரிக்கை வேண்டும் என்கிறோம்.

பெற்றோராகிய நாம் செய்யத்தக்கவை யாவை? புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே பிள்ளை தன் தகுதிக் குறிப்பை எழுதி முடிக்கட்டும். கணக்குத் தேர்வு, கேமராவின் முன் பேசும் நேர்காணல் ஆகியவற்றை இங்கேயே பழகட்டும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறுகிறது என்பதை மறவாமல், இயன்றால் மாதந்தோறும் வட்டியைக் கட்டிவருவோம். திரும்பி வரும் டிக்கெட்டுக்குரிய பணத்தைத் தனியே எடுத்து வைப்போம். அது இருந்தால் பிள்ளை அச்சமின்றி முயலும். ஞாயிறுதோறும் ‘வேலை கிடைத்ததா?’ என்று கேட்டு நெஞ்சை வருத்த வேண்டாம். ‘இவ்வாரம் எத்தனை விண்ணப்பம் அனுப்பினாய்? உண்டாயா? உறங்கினாயா?’ என்று கேட்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறியாத பாதைக்கு அறிந்தவர்போல் வழி சொல்லாதிருப்போம். எங்களுக்கு அப்பாடம் இருபத்தெட்டு இலட்சம் ரூபாய்க்குக் கிடைத்தது; உங்களுக்கு இன்று இலவசமாக அளிக்கிறோம்.

செல்லவிருக்கும் செல்வங்களே! எங்கள் மகள் மும்பையிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். தான் எழுதிய விண்ணப்பங்களையும், நேர்காணலில் கேட்கப்பட்ட கேள்விகளையும் ஒரு நோட்டில் தொகுத்து வைத்திருக்கிறாளாம். அது சங்க நூலகத்துக்கு அடுத்த வாரம் வந்து சேரும். எடுத்துப் படியுங்கள், நீங்கள் சென்றபின் கண்டதையும் அதில் எழுதிச் சேருங்கள்.