மேலே நன்னீர், கீழே கடல்நீர்

ஒரே இரும்புத் தாங்கியில் நன்னீர்த் தொட்டியையும் கடல்நீர்த் தொட்டியையும் அடுக்கி வைக்க விரும்பும் அன்பர்கள், சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் மீனின் வர்ணத்தில் மயங்குவதற்கு முன், 200 லிட்டர் ஜலம் 200 கிலோ பாரம் என்பதையும், கண்ணாடியும் மணலும் அதற்கு மேல் என்பதையும் சிந்தித்துத் தரையின் பலத்தை நிச்சயித்துக்கொள்வது உசிதம். உப்புத் தொட்டி கீழே இருப்பதே என் அபிப்பிராயத்தில் சிலாக்கியம். விளிம்பில் பூக்கும் உப்பும், கையிலிருந்து சொட்டும் துளியும் நன்னீர் மீன்களின் மேல் விழமாட்டா. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புடைய கடல்நீர் ஆவியாகிக் குறையும்போது ஜலம் மட்டுமே போய் உப்பு தங்கிவிடுவதால், குறைந்த மட்டத்தை நன்னீரால் நிரப்பாமல் மீண்டும் உப்புநீரையே ஊற்றுகிறவர் வீட்டில் கோமாளி மீனின் கதி பரிதாபந்தான். இரு தொட்டிகளுக்கும் இடையே, வலையோடு கை நுழைய ஒரு முழமாவது இடம் விடுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் வலையும் வாளியும் தனித்தனியே இருக்கட்டும்.