கியர் இல்லாதவருக்கும் கூடாரம்

ஆடலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மிதித்தே ஏறி வந்திருக்கும் சைக்கிள் தோழர்களே!

பாராட்டிப் பேச அழைத்தீர்கள், பாராட்டுகிறேன். தருமத்துப்பட்டியிலிருந்து இந்த மலைப்பாதையை மிதித்து ஏறுவது லேசுப்பட்ட காரியமா? ஆனால் ஏறி வந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் ஆண்கள். கையில் காசும், கேட்டால் கிடைக்கும் லீவும் உள்ளவர்கள். பெண்கள் எங்கே? காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் எங்கே? பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு இளைஞனாவது வந்திருக்கிறானா?

“யாரையும் வர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லையே” என்கிறீர்கள். நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, உங்கள் முகாம் விதிகளே சொல்லிவிடுகின்றன. கியர் சைக்கிள் கட்டாயம். கூடாரம் அவரவர் பொறுப்பு. பின்தங்கினால் காத்திருக்க மாட்டோம். ராத்திரி எங்கே தங்குவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நான்கையும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளிடம் வாசித்துக் காட்டிவிட்டு, அவளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது அநியாயம்!

தோழர்களே, தென்மாவட்டங்களில் ஊர்த்தெரு வந்ததும் தலித் மக்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று வைத்திருந்த ஊர்கள் உண்டு. சீட்டில் யார் உட்காரலாம் என்பதில் சாதி தலையிட்ட மண் இது. அந்த மண்ணில் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை.

முழு வேலை எப்படி இருக்கும் என்பதைப் புதுக்கோட்டை காட்டியது. 1990களின் தொடக்கம், அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு நடந்தது. கல்குவாரிக்குப் போனவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் பழகினார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பழகியவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அதில்தான் முன்னால் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. எந்த வண்டி சரி என்பதை ஓட்டுகிறவளே முடிவு செய்தாள். அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-இல் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த அரசு இலவசச் சைக்கிள் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிறது. அதில் இந்த மலையை ஏற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஏற வேண்டுமென்று யார் சொன்னது? ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்! மேலே வந்தபின் ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் நடுவே அவரவர் மூச்சுக்குத் தக்கபடி மிதிக்கட்டும், மேட்டில் இறங்கித் தள்ளட்டும். திரும்பிப் போகும்போதும் ஜீப்தான். இதில் பிடிவாதமாக இருங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும், பிரேக் கட்டை தேயும். கடைசியில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாலும் வண்டி நிற்காது. தார்ச்சாலை நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது இரவு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் முகாம் என்றதும் ஒரு தாய் மறுப்பதைப் பத்தாம்பசலித்தனம் என்று பேசாதீர்கள். அந்தத் தாய்க்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். காட்டுக்குள் கூடாரம் கிடையாது. உரிமையாளர் சம்மதத்தோடு பட்டா நிலத்தில் மட்டுமே. தாழ்ப்பாள் போடும் கழிப்பறை, வெளிச்சம், தண்ணீர், நாப்கின் போடத் தனித் தொட்டி. பொறுப்பில் இரண்டு பெண்களாவது வேண்டும், அவர்கள் தொலைபேசி எண் வீட்டில் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, பிறகு சம்மதம் கேளுங்கள்.

பளியர் மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழி காட்ட, விறகு பொறுக்க, சுமை தூக்க அவர்களைத் தேடுகிறோம். பெயர்ப் பட்டியலில் சேர்க்கும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். அவர்கள் பாட்டன் பூட்டன் நடந்த மலையில் அவர்களுக்கு வேலைக்காரன் இடம் மட்டுமா?

பார்வையற்றவர்களால் முடியுமா என்று ஒருவர் கேட்டார். புனேயைச் சேர்ந்த திவ்யான்சு கணத்ரா பார்வை இழந்தவர். இரட்டை இருக்கைச் சைக்கிளில், பார்வையுள்ள துணையோடு, மணாலியிலிருந்து கர்துங் லா கணவாய்க்கே போனவர். பன்றிமலைக்கு முடியாதா?

கடைசியாகக் கூலி. தோட்ட வேலைக்குப் போகும் பெண் இரண்டு நாள் நம்மோடு வந்தால் இரண்டு நாள் சம்பளம் போகும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் மட்டும் போதாது, அந்தச் சம்பளத்தைக் குழு நிதியிலிருந்து கொடுங்கள். விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிகிற காரியம்.

அடுத்த முகாமின் பொறுப்புக் குழுவை இப்போதே, இந்த மேடையிலேயே அமைக்கக் கோருகிறேன். ஏழு பேர் என்றால் நால்வர் பெண்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்தும் பளியர் குடியிருப்பிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். தேதி, வேகம், தங்குமிடம் மூன்றையும் அவர்களே முடிவு செய்யட்டும். மேசையில் நோட்டு இருக்கிறது. பெயர் கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள்.