கொதிநீரும் கச்சா எண்ணெயும்

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, பிள்ளைகளைப் படிப்பிக்க வயலிலும் கடலிலும் கடையிலும் பாடுபட்டு இன்று இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெற்றோர்களே! ஒரே ஒரு விடயத்தைத்தான் பேசப்போகிறேன். எந்த உயிரும் தங்காது என்று நாம் ஒதுக்கிவிட்ட இடங்களில் செழித்து வாழும் நுண்ணங்கிகளை, அவற்றால் என்ன பயன் என்று தெரிவதற்கு முன்பே ஆராய வேண்டும். அது பணக்கார நாடுகளின் வேலை மட்டுமல்ல. ஒலுவிலில், இந்தப் பல்கலைக்கழகத்தில், படித்தவர்களால் முடியும். அவர்கள்தான் செய்யவும் வேண்டும்.

1966இல் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் ஒரு வெந்நீரூற்றிலிருந்து எடுத்த மாதிரியை, தோமஸ் புரொக் என்ற பேராசிரியரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள். ஃப்ரீஸ் அப்போது முதலாவது பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். உங்களைவிட இளையவர். 70 பாகை செல்சியஸில், நாம் கைவைத்தால் வெந்துபோகும் நீரில், அந்தப் பற்றீரியா நிம்மதியாகப் பெருகியது. 1969இல் அதற்குத் தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். மருந்து தேடியோ பணம் தேடியோ அவர்கள் அங்கே போகவில்லை. உயிர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது மட்டுமே அவர்களுடைய கேள்வி. 1983இல் கரி முல்லிஸ் டி.என்.ஏ.யைப் பல்லாயிரம் மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டார். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க ஏறத்தாழ 95 பாகைக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண நொதியம் செத்துவிடும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. வெந்நீரூற்றுப் பற்றீரியாவின் நொதியம் அந்தச் சூட்டையும் தாங்கியது. அதன் பின்னர்தான் அந்த முறை உலகத்து ஆய்வுகூடமெல்லாம் பரவியது. 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொரோனாக் காலத்தில் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனையின் வேர் அந்த ஊற்றில் இருக்கிறது.

அமெரிக்காவுக்குக் காசிருக்கிறது, கடனில் தத்தளிக்கும் நாட்டுக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஃப்ரீஸின் கையில் இருந்தவை மாதிரி எடுத்த போத்தலும், ஊட்டக் கரைசலும், சூடு குறையாமல் வைத்திருக்கும் ஒரு பெட்டியுந்தான். நம் அம்பாறை மாவட்டத்திலேயே மகா ஓயாவில் வெந்நீரூற்றுகள் இருக்கின்றன. திருகோணமலையில் கன்னியா இருக்கிறது. புத்தளத்திலும் ஆனையிறவிலும் உப்பு விளைகிறது. உப்பு முற்றிய பாத்திகளில் நீர் சிவக்கும். அந்த நிறத்தைத் தருபவை உப்பை விரும்பும் நுண்ணங்கிகள். வெளியே இருக்கும் உப்புக்கு ஈடாக அவை தம் கலத்துக்குள் பொற்றாசியத்தை நிரப்பிக்கொள்கின்றன. அவற்றை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டால் கலம் வெடித்துச் செத்துப்போகும். நமக்கு உயிர் தரும் நீர் அவற்றுக்கு நஞ்சு. இதைப் பார்க்க ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியே போதும்.

கண்டுபிடிப்பது நாம், இலாபம் வெளிநாட்டுக் கம்பனிக்கா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1991இல் பி.சி.ஆர். உரிமைகளை, முல்லிஸ் வேலைசெய்த சீட்டஸ் கம்பனி ரோஷ் நிறுவனத்துக்கு 30 கோடி டொலருக்கு விற்றது. நீர் கொடுத்த பூங்காவுக்குப் பங்கு எதுவுமில்லை. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் ஆராயாமல் விடுவது அதற்குப் பரிகாரமாகாது. எதை எங்கே எப்போது எடுத்தோம் என்று முறையாகப் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் பின்னொரு நாள் பங்கு கேட்க வாய் இருக்கும். எழுதிவைக்காத நாட்டுக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது?

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொரு பேச்சு. எண்ணெயைத் தின்னும் பற்றீரியா இருக்கும்போது கடலைப் பற்றி ஏன் பதற வேண்டும் என்கிறார்கள். 2020 செப்டெம்பர் 3ஆந் திகதி, குவைத்திலிருந்து சுமார் 2,70,000 தொன் கச்சா எண்ணெயோடு இந்தியாவுக்குப் போன நியூ டயமண்ட் கப்பல், நம் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே 38 கடல் மைல் தொலைவில் தீப்பற்றியது. கப்பலில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். நம் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் நாட்கணக்கில் போராடித் தீயை அணைத்தன. கப்பலின் எரிபொருள் கசிந்து படலமாகப் பரவியது. சுமந்துவந்த கச்சா எண்ணெய் கொட்டவில்லை. கொட்டியிருந்தால்? அல்கனிவொரக்ஸ் போன்ற பற்றீரியாக்கள் சுத்தமான கடலிலும் சொற்பமாக இருக்கின்றன, எண்ணெய் வந்தால் பெருகுகின்றன, துளியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதைக் கரைத்து உண்கின்றன. அது உண்மை. ஆனால் அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும், நைதரசனும் பொசுபரசும் வேண்டும். இலகுவான ஐதரோகாபன்களை முதலில் தின்று, தார் போன்ற பாரமானவற்றை விட்டுவிடும். 1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் என்ற கப்பல் கொட்டியது ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெய். பசளை தெளித்து நுண்ணங்கிகளை ஊக்கியும், ஒட்சிசன் எட்டாத கரைக் கற்களுக்கு அடியில் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணெய் கிடந்தது. நியூ டயமண்ட் சுமந்தது அதைப்போல் ஏழு மடங்கு. நம் கரைவலைக்காரர்கள் அத்தனை காலம் எதை இழுத்திருப்பார்கள்? நியூ டயமண்ட் எரிந்ததற்கு அடுத்த ஆண்டு கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகளோ கரையெல்லாம் ஒதுங்கின. 2016இல் யப்பானியர் அறிவித்த பிளாஸ்டிக் தின்னும் பற்றீரியா போத்தல் செய்யும் பி.ஈ.ரி. வகையைத்தான் தின்னும்; பொலித்தீன் வகை மணிகளை அது தொடாது. நுண்ணங்கியின் வல்லமையை அறிந்தவர் அதன் எல்லையையும் அறிவார். அறியாதவருக்குத்தான் அது மாயமருந்து.

ஆகவே பிரயோக விஞ்ஞான பீடத்துப் பட்டதாரிகளிடம் ஒரு வேண்டுகோள். நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். உங்கள் பீடம் இருக்கும் சம்மாந்துறையிலிருந்து மகா ஓயாவுக்கு ஒரே நாளில் போய்வரலாம். நீரின் சூட்டையும் அமிலத்தன்மையையும் அளந்து, மாதிரி எடுத்து, வளர்ந்ததைக் கிளிசரோல் கலந்து ஆழ்உறைநிலையில் வையுங்கள். ஒலுவில் தொடக்கம் பொத்துவில் வரை கரை மணலில் எண்ணெய் தின்னும் பற்றீரியாக்கள் எவை, கச்சான் காலத்தில் எத்தனை, வாடைக் காலத்தில் எத்தனை என்று இப்போதே எண்ணிவைத்தால், அடுத்த கப்பல் தீப்பிடிக்கும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.