மரபணுவை அப்புறம் பார்க்கலாம்



பினாங்கு லெபோ பசாரில் ஒரு கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்: “பைபாஸ் நல்லபடியா முடிஞ்சது. ஆனா அப்பா பழைய மாதிரி இல்ல, கணக்கு தடுமாறுது.” கூடவே இன்னொன்றும் வரும்: “தாத்தாவுக்கும் இப்படித்தான். நம்ம பரம்பரை.” இந்த இரண்டாவது பேச்சோடுதான் எனக்குச் சண்டை.

முதல் பேச்சில் உண்மை இருக்கிறது; பைபாஸ் மட்டுமல்ல, மற்ற பெரிய ஆப்பரேஷன்களுக்குப் பிறகும் இது நடக்கிறது. 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு, இதய அறுவை அல்லாத பெரிய ஆப்பரேஷன் செய்துகொண்ட 60 வயதுக்காரர்கள், அதற்கும் மூத்தவர்கள் என 1,218 பேரைச் சோதித்தது. ஒரு வாரத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு நினைவும் கவனமும் தடுமாறின. மூன்று மாதத்தில் அது பத்தாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் விடாத தடுமாற்றத்தோடு உறுதியாக ஒட்டி நின்றது வயதுதான்.

சரி, பரம்பரை? கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்துக்கு ஏபோ-ஈ என்ற மரபணு உண்டு. அதன் நான்காம் வகை அல்சைமர் அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1993இல் காட்டினார்கள். 1997இல் அதே டியூக்கிலிருந்து, இதய அறுவைக்குப் பின் வரும் தடுமாற்றத்திலும் அதற்குப் பங்குண்டு என்று செய்தி வந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 2004இல் மற்ற அறுவைகளில் தேடியபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. இவ்வளவு ஆட்டம் காணும் சான்றை வைத்து ஒரு குடும்பத்துக்கே முத்திரை குத்துவதா?

குடும்பக் கதையை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய இடம் வேறு. மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் ஒரு மருந்து, சில நிமிடத்தில் தெளிய வேண்டியது, சிலருக்கு மணிக்கணக்கில் தெளியாது. தானாக மூச்சு விட முடியாது. இந்தியாவின் வைசிய சமூகத்தில் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பற்றிக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், மறைக்காதீர்கள்.

மீண்டும் மூளைத் தடுமாற்றத்துக்கு, அதிலும் ஆஸ்பத்திரியில் வரும் திடீர்க் குழப்பத்துக்கு வருவோம். ஷாரன் இனூயே என்ற மருத்துவர் 1999இல், பொது வார்டில் இருந்த 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரை எடுத்து, அவர்களில் பாதிப் பேரிடம் ஒன்றைச் செய்து பார்த்தார். கண்ணாடி, காதுக்கருவி, போதிய தண்ணீர், நடை, இரவுத் தூக்கம், பேச்சுத்துணை. அவ்வளவுதான். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு வந்த திடீர்க் குழப்பம், இவர்களில் 10 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் ஆப்பரேஷன் நோயாளிகள் அல்லர் என்பது உண்மை. ஆனால் பிற்பாடு பல ஆப்பரேஷன் வார்டுகளும் இந்த வழியை எடுத்துக்கொண்டன. நாமோ நகையோடு கண்ணாடியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம்!

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாள் பிதற்றல் வரலாம். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. ஆகவே டாக்டர் கேட்கும்போது, “எங்க அப்பா தொடவே மாட்டாருங்க” என்று மானத்தைக் காப்பாற்றாதீர்கள் அம்மா!